பேராலயமும் பெருவணிகமும்

“பார்க்க வருபவர் பணம் செலுத்தட்டும்” என்னும் வாதம், கேட்ட மாத்திரத்தில் நியாயமானதாகவே ஒலிக்கின்றது. பயன் பெறுபவரே செலவையும் ஏற்க வேண்டும் என்ற வணிகக் கணக்கு மருத்துவமனைக் கட்டில் முதல் பட்டப்படிப்பு வரை வாழ்வின் எல்லாத் துறைகளிலும் புகுந்துவிட்ட இக்காலத்தில், பழம்பெரும் வழிபாட்டுத் தலமொன்றின் வாயிலிலும் அது வந்து நின்றதில் வியப்பொன்றுமில்லை. 2024 ஒக்டோபரில், அப்போது பிரான்சின் பண்பாட்டமைச்சராயிருந்த ரஷீதா தாத்தி, பாரிஸ் மாநகரின் நோத்ர தாம் பேராலயத்தைப் பார்வையிட வரும் உல்லாசப் பயணிகளிடம் தலைக்கு 5 யூரோ அறவிடலாம் என்ற யோசனையை முன்வைத்தார். ஆண்டுதோறும் 75 மில்லியன் யூரோ திரளும், அதனைக் கொண்டு நாடெங்கும் பாழடைந்து வரும் தேவாலயங்களைக் காக்கலாம் என்பது அவர் காட்டிய கணக்கு. பாரிஸ் மேற்றிராசனம் இதற்கு உடன்படவில்லை. பேராலயத்தின் வாயில் இன்றும் கட்டணமின்றியே திறந்திருக்கின்றது.

எனினும், நிறைவேறாத யோசனை இறந்துபோன யோசனை ஆகாது. இலண்டனில் புனித பவுல் பேராலயமும், மிலான் நகரின் பேராலயமும் பார்வையாளரிடம் நுழைவுக் கட்டணம் பெறுகின்றன. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட நாட்களில், ஒரு பகற்பொழுது மட்டும் வந்து செல்வோரிடம் நகரினுள் நுழைவதற்கே கட்டணம் பெறத் தொடங்கியது. ஆகவே இது ஒரு நாட்டின், ஓர் அமைச்சரின், ஒரு கட்டடத்தின் பிரச்சினை அன்று. மனித குலத்தின் பொதுச் சொத்தாகிய கலைச் செல்வங்களுக்கும் சாதாரண மனிதனுக்கும் இடையே நிற்க வேண்டியது எது, திறந்த கதவா, சீட்டு விற்பவனின் சாளரமா என்பதே அடிப்படைக் கேள்வியாகும்.

இருநாட் பயணியின் பார்வை

கட்டணம் கேட்போருக்கு முதற் சாட்சியாக அமைபவர் உல்லாசப் பயணியேயாவார். வார இறுதியில் இரு நாட்களைக் கையிலெடுத்துக்கொண்டு மலிவு விமானத்தில் வந்திறங்குகின்றார். ஐபெல் கோபுரம், லூவர், ஆற்றுப் படகு, பேராலயம் எனக் கையிலுள்ள பட்டியலில் ஒவ்வொன்றாகக் கோடிட்டு நீக்குகின்றார். பேராலயத்தில் அரைமணி நேரம், வட்டக் கண்ணாடிச் சாளரத்தின் கீழே ஒரு புகைப்படம், வாயிலில் இன்னொன்று, பின்னர் உணவகம். தீ விபத்துக்கு முன்னர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 12 மில்லியன் மக்கள் இப்பேராலயத்துட் புகுந்து வெளியேறினர். நாளொன்றுக்குச் சராசரி 30,000 பேருக்கும் மேல். இவ்வாறு வந்து போகிறவர் 5 யூரோ கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கின்றனர்.

இப்பயணி எதனைப் பார்க்கின்றார் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். 1163 ஆம் ஆண்டளவில் மேற்றிராணியார் மொரிஸ் து சுலியின் காலத்தில் தொடங்கி, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் வளர்ந்த மத்தியகாலக் கட்டடத்தை முழுமையாகக் கண்டுவிட்டதாக அவர் எண்ணுகின்றார். ஆனால், மேல்மாடத்திலிருந்து நகரை நோக்கிக் கன்னத்தில் கைவைத்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற கொம்பு முளைத்த உருவம் மத்தியகாலத்துக்கு உரியதன்று. அது 1844 இல் தொடங்கிய திருத்த வேலையின்போது வியொலே-ல-துக் என்னும் கட்டடக் கலைஞரின் கற்பனையிற் பிறந்தது. மழைநீர் வடிக்கும் பழைய கல்வாய்கள் வேறு, இவ்வுருவங்கள் வேறு. 96 மீற்றர் உயர்ந்து நின்ற கூர்முனைக் கோபுரமும் அவர் 1859 இல் எழுப்பியதே. இன்று நிற்பதோ 2019 ஏப்ரல் 15 ஆம் திகதி அது எரிந்து வீழ்ந்த பின்னர் மீண்டும் அவ்வாறே அமைக்கப்பட்டது. முகப்பிலே வரிசையாக நிற்கும் 28 அரசர்களின் சிலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்புகள். பேராலயத்தைத் தூரத்திலிருந்து முழுமையாகக் காண உதவும் அந்தப் பரந்த முன்றில்கூட, ஒஸ்மான் பாரிசை மாற்றியமைத்த காலத்தில் சிற்றொழுங்கைகளையும் குடிமனைகளையும் இடித்து அகலப்படுத்தப்பட்டதாகும். அத்தீவில் வாழ்ந்த ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் அப்பாற் தள்ளப்பட்ட பின்னரே புகைப்படத்துக்குத் தேவையான வெளி கிடைத்தது.

இவற்றைச் சொல்வது பேராலயத்தைப் போலி என்று காட்டுவதற்கன்று. காலந்தோறும் மக்கள் அதனை இடித்தும் கட்டியும் திருத்தியும் தமதாக்கிக் கொண்டனர் என்பதே அதன் உண்மையான பெருமை. உல்லாசப் பயணத் துறையோ இந்த வரலாற்றை மறைத்து, என்றும் மாறாத பழைமை என்ற சரக்கினை விற்கின்றது. அரைமணி நேரத்தில் விற்கத்தக்கது சரக்கு மட்டுமே. வரலாற்றை அவ்வாறு விற்க முடியாது. கட்டணம் வந்தால் இந்த அவசரப் பார்வை மாறும் என்று எவரும் கருத வேண்டியதில்லை. பணம் கொடுத்தவன் கொடுத்த பணத்துக்குரிய காட்சியை மேலும் விரைவாகக் கேட்பான். வாயிலில் நுழைவுச்சீட்டு விற்கத் தொடங்கும் கணத்திலேயே உள்ளே இருப்பது காட்சிப்பொருளாகிவிடுகின்றது.

கட்டியவர் யார், கொடுத்தவர் யார்?

இந்நிலையில் வேறொரு திசையிலிருந்து ஓர் எதிர்ப்புக் குரல் எழுவதுண்டு. பேராலயங்கள் நிலமானியச் சுரண்டலின் சின்னங்களே. அவற்றின் வாயில் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன என்று முற்போக்கின் பேரால் வினவுவோர் பல்கலைக்கழக வட்டாரங்களிலேயே உளர். இவர்களின் கூற்றில் பாதி உண்மை உண்டு. அப்பாதியை மறைத்தல் தகாது.

நோத்ர தாம் எழுந்த காலத்தில் அதன் குருமார் பேரவை பாரிசைச் சூழ்ந்த பல கிராமங்களின் நிலவுடைமையாளராக விளங்கியது. ஓர்லி, சாத்தனே முதலிய ஊர்களின் பண்ணையடிமைகள் பேரவை விதித்த வரியைச் செலுத்த மறுத்தமைக்காக 1251 - 1252 ஆம் ஆண்டளவில் அதன் சிறையில் அடைக்கப்பட்டனர். நெருக்கடி மிகுந்த அச்சிறையிற் சிலர் மடிந்தனர். அரசன் ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்குச் சென்றிருந்தமையால் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த அவன் தாய் பிளான்ஷ் அரசி, சிறைக் கதவை உடைப்பித்து அம்மக்களை மீட்டாள். வட்டச் சாளரங்களின் ஒளியைக் கண்டு மெய்ம்மறப்போர், அக்கிராமத்து மக்கள் இருந்த இருளையும் நினைவுகூர்தல் வேண்டும். தெற்கு வாயிற்புறத்து அடித்தளக் கல்லொன்றில் ஜான் து ஷெல் என்னும் தலைமைக் கற்றச்சரின் பெயர் 1258 ஆம் ஆண்டுக்குரிய சாசனமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அவருக்குக் கீழே கல் சுமந்தவர், சுண்ணாம்பு குழைத்தவர், சாரத்திலிருந்து வீழ்ந்தவர் எவருக்கும் பெயர் இல்லை.

ஆனால், இவ்வுண்மையிலிருந்து பெறப்படும் முடிவு எதுவாக இருத்தல் வேண்டும்? ஏழையின் உழைப்பினாலும் வரியினாலும் எழுந்தது என்பதற்காக அதனை வெறுத்தொதுக்குவது, கட்டியவனிடமிருந்து கட்டடத்தை இரண்டாம் முறையும் பறிப்பதாகும். பறித்தவனின் பெருமையாக அதனைக் காண்பதும் தவறு. பறித்தவனின் குற்றமாக மட்டும் அதனைக் காண்பதும் தவறு. அந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு அது உரிமையானது என்பதே சரியான முடிவு.

பிரெஞ்சு மக்களே இதனைத் தம் செயலால் நிறுவிக் காட்டினர். 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துகள் தேசத்தின் உடைமையாக்கப்பட்டன. 1793 இல் முகப்பின் 28 அரசர்களும் பிரான்சின் மன்னர்களே எனக் கருதப்பட்டு அவர்களின் கற்றலைகள் துண்டிக்கப்பட்டன. அவர்கள் உண்மையில் விவிலியம் கூறும் யூதேயாவின் அரசர்கள். அதே ஆண்டு நவம்பரில் பேராலயம் பகுத்தறிவின் ஆலயமாக அறிவிக்கப்பட்டது. மணிகளுட் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. துண்டிக்கப்பட்ட தலைகளுள் 21, 1977 இல் பாரிசில் ஒரு கட்டடத்தின் முற்றத்தைத் தோண்டியபோது வெளிப்பட்டு, இன்று குளூனி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. மக்களின் சினமும் இவ்வாறு பேராலய வரலாற்றின் ஒரு பகுதியாயிற்று. பின்னர் 1831 இல் விக்டர் ஹியூகோ தம் நாவலினால் அதன் அழிநிலையை நாடறியச் செய்தார். அரசு பொதுப்பணத்தைக் கொண்டு திருத்த வேலையை மேற்கொண்டது. 1905 டிசெம்பர் 9 ஆம் திகதிச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தபோது பேராலயம் அரசின் உடைமையாகவும் வழிபாட்டுக்குரிய உரிமை திருச்சபைக்கு உரியதாகவும் வகுக்கப்பட்டது. அச்சட்டத்தின் 17 ஆவது பிரிவு, இத்தகைய கட்டடங்களைப் பார்வையிடுதல் பொதுமக்களுக்குத் திறந்ததாக இருத்தல் வேண்டும், அதற்கு எவ்வித வரியோ கட்டணமோ விதிக்கலாகாது எனத் தெளிவுபடக் கூறுகின்றது. கட்டணமற்ற வாயில், ஆக, எவரது தயாளத்தினாலும் கிடைத்த சலுகை அன்று. புரட்சியும் சட்டமும் சேர்ந்து ஈட்டிய உரிமை அது.

நெருப்பு வெளிச்சத்தில் தெரிந்தவை

2019 இன் நெருப்பு, பேராலயத்தின் உரிமையாளர் எனத் தம்மைக் கருதுவோர் யாவர் என்பதை வெளிச்சமிட்டுக் காட்டியது. இரு தினங்களுக்குள் பிரான்சின் பெருஞ்செல்வக் குடும்பங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு 100 மில்லியன், 200 மில்லியன் யூரோ என அறிவித்தன. அதே காலத்தில் வாழ்க்கைச் செலவு தாங்காது மஞ்சட் சட்டையணிந்து வாரந்தோறும் தெருவில் இறங்கியிருந்த மக்கள், கல்லுக்கு இத்துணை விரைவாகச் சுரந்த கருணை மனிதருக்குச் சுரவாதது ஏன் என வினவினர். அவ்வினாவுக்குத் தக்க விடை இன்னும் வரவில்லை.

இருப்பினும், அந்நிதி செல்வந்தரின் கொடை மட்டுமன்று. 150 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 340,000 பேர் கொடுத்த பணமும் சேர்ந்தே மொத்தத் தொகை 840 மில்லியன் யூரோவைக் கடந்தது. திருத்த வேலையில் ஏறத்தாழ 2,000 பேர் ஈடுபட்டனர். ஏறத்தாழ 2,000 கருவாலி மரங்கள் வெட்டப்பட்டன. தச்சர்கள் பழைய முறைப்படி கைக்கோடரியால் உத்திரங்களைச் செதுக்கினர். உருகிய கூரையின் ஈயம் நூற்றுக்கணக்கான தொன் எடையுடையது. அதன் நச்சுத் துகள்கள் பரவியமையால் 2019 ஜூலை இறுதியில் தொழிலாளரின் பாதுகாப்பினை முன்னிட்டு வேலையே சில வாரங்கள் நிறுத்தப்பட்டது. 2024 டிசெம்பரில் கதவு மீண்டும் திறந்தபோது முன்வரிசையில் அமர்ந்திருந்தோர் நாட்டுத் தலைவர்களும் பெருந்தனவந்தர்களுமாவர். சிறு தொகையனுப்பிய இலட்சக்கணக்கானோரும் ஈயத்தூள் சூழ உழைத்தோருமே அக்கதவின் உண்மையான உரிமையாளர். அவர்கள் பார்க்க வரும் நாளில் அவர்களிடம் சீட்டைக் காட்டும்படி கேட்பது அறமாகுமா?

சொல்லப்படும் நியாயங்கள்

கட்டணத்தை ஆதரிப்போரின் வாதங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கலாம்.

முதலாவது, பராமரிப்புச் செலவு. கிராமங்களில் பல தேவாலயங்கள் சிதைவது உண்மை; பணம் தேவை என்பதும் உண்மை. எனினும் கணக்கையே ஒருமுறை பார்த்தல் நன்று. தலைக்கு 5 யூரோ வீதம் 75 மில்லியன் யூரோ பெற 15 மில்லியன் பேர் கட்டணம் செலுத்துதல் வேண்டும். நெருப்புக்கு முன்னர் வந்த மொத்தத் தொகையையே இது விஞ்சுகின்றது. வழிபட வருவோருக்கு விலக்களித்தால் பார்வையாளர் கூட்டம் இன்னும் பெருகியாக வேண்டும். கூட்டத்தைக் குறை கூறிக்கொண்டே கூட்டத்தைப் பெருக்க வேண்டிய முரண்பாட்டில் இத்திட்டம் நிற்கின்றது. மேலும் பேராலயத்தின் பெயரைச் சொல்லிப் பெரும்பயன் அடைபவர் யார்? விடுதி நடத்துவோர், விமான நிறுவனத்தார், படகோட்டும் கம்பனியார், நினைவுப்பொருள் விற்போர். பாரிசில் விடுதியிற் தங்குவோரிடம் இரவுக்கு இவ்வளவு எனத் தங்கல் வரி ஏற்கெனவே அறவிடப்படுகின்றது. பேராலயத்தை முதலாகக் கொண்டு இலாபம் பெறுவோரிடம் அதன் பங்கைக் கேட்கத் தயங்கும் அரசு, வாயிலில் வந்து நிற்பவனிடம் கைநீட்டுவது எளிய வழியைத் தேடுவதாகும்.

இரண்டாவது, அந்நியரிடம் பெற்றால் என்ன என்ற வாதம். இலங்கையிலும் சிகிரியாவில் வெளிநாட்டார் செலுத்தும் கட்டணம் உள்நாட்டாரினதை விடப் பன்மடங்கு அதிகம். கண்டித் தலதா மாளிகையில் உள்நாட்டார் கட்டணமின்றி நுழைய, வெளிநாட்டார் சீட்டு வாங்குகின்றனர். எனவே இவ்வாதம் இலங்கை வாசகருக்குப் பழகிய ஒன்றே. பழகியது என்பதற்காக அது சரியானதாகிவிடாது. வறிய நாடொன்று அந்நியச் செலாவணிக்காகச் செய்வதைச் செல்வம் மிகுந்த நாடு முன்மாதிரியாகக் கொள்வது விந்தையே. 2026 ஜனவரி முதல் லூவர் அருங்காட்சியகத்தில் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தைச் சாராத பார்வையாளர் 32 யூரோவும் ஏனையோர் 22 யூரோவும் செலுத்த வேண்டியதாயிற்று. வட பாரிசின் லா சப்பல் பகுதியை மையமாகக் கொண்டு வாழும் ஈழத்தமிழர் ஒருவரும், அவரைக் காண யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவரின் உடன்பிறந்தாரும் ஒரே ஓவியத்தின் முன்னே ஒன்றாக நிற்கும்போது, வசதி குறைந்த நாட்டிலிருந்து வந்தவரே கூடிய விலை கொடுத்தவராகின்றார். உலகத்தின் பொதுச் சொத்து என்று போற்றி உலகெங்கும் நிதி திரட்டப்பட்ட பேராலயத்தின் வாயிலிலும் இந்நியதி வருமாயின், நிதி கொடுக்கும்போது உலகத்தினுடையது, பார்க்கும்போது தேசத்தினுடையது என்றாகிவிடும்.

மூன்றாவது வாதமே மிக நுட்பமானது. மிக ஆபத்தானதும் அதுவே. வழிபட வருவோர் இலவசமாக வரட்டும், பார்க்க வருவோர் மட்டும் செலுத்தட்டும் என்கின்றனர். அவ்வாறாயின் வாயிற்காவலன் ஒவ்வொருவரின் நெஞ்சையும் திறந்து பார்த்தல் வேண்டும். மெழுகுதிரி ஏற்றிவிட்டுச் சாளரத்தை அண்ணாந்து பார்ப்பவன் யார்? கட்டடக் கலை காண வந்து, காரணம் தெரியாமல் கண் கலங்கி நிற்பவள் யார்? இறைவனை நம்பாமலே இறந்த தாயின் நினைவாக ஒரு கணம் மௌனமாக இருப்பவன் எந்த வரிசையில் நிற்றல் வேண்டும்? மத்தியகாலத்திலும் யாத்திரிகன் வேடிக்கை பார்த்தான். வேடிக்கை பார்க்க வந்தவன் முழந்தாளிட்டான். பக்தனையும் பார்வையாளனையும் இரு வரிசைகளாகப் பிரிக்கும் கயிறு சமயத்தையும் சிறுமைப்படுத்துகின்றது, கலையையும் சிறுமைப்படுத்துகின்றது. நெரிசலே பிரச்சினையாயின், மீள்திறப்பின் பின் நடைமுறைக்கு வந்த இலவச முற்பதிவைப் போல, நேரத்தைப் பங்கிடலாம். நேரம் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடத்தக்கது, பணம் அவ்வாறன்று.

பல்கலைக்கழகத்தின் கடன்

இப்பிரச்சினை பல்கலைக்கழக மாணவருக்கு எவ்வகையில் உரியது என ஒருவர் கேட்கலாம். பாரிஸ் பல்கலைக்கழகம் இப்பேராலயத்தின் நிழலிற் பிறந்தது. நோத்ர தாம் பேராலயப் பள்ளியும் அதனைச் சூழ்ந்த ஆசிரியர், மாணவர் கூட்டமுமே பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் பல்கலைக்கழகமாக உருப்பெற்றன. கற்பிக்கும் உரிமத்தை வழங்கும் அதிகாரம் பேராலயத்தின் சான்சலரிடம் இருந்தது. அதிகாரம் இருக்குமிடத்தில் காசு பெறும் ஆசையும் இருக்கும். 1179 இல் றோமாபுரியிற் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் இவ்வாசைக்குத் தடை விதித்தது. கற்பிக்கும் உரிமத்துக்கு எவரும் பணம் பெறலாகாது என்றும், குருத்துவக் கல்வி பயில்வோருக்கும் ஏழை மாணவருக்கும் இலவசமாகக் கற்பிப்பதற்கு ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியரைப் பராமரித்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. நோத்ர தாமின் சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அறிவின் வாயிலில் கட்டணம் கூடாது என்ற கொள்கையும் எழுதப்பட்டது.

1945 முதல் இலவசக் கல்வியின் பயனை நுகர்ந்து வரும் ஒரு நாட்டின் மாணவர் இதன் பொருளை எளிதில் உணர்வர். இங்கும் பயன் பெறுபவரே செலுத்தட்டும் என்ற குரல் காலத்துக்குக் காலம் எழுகின்றது. அது முதலிற் சிறு தொகையாகவே கேட்கும். வசதியுள்ளோரிடம் மட்டும் பெறுவதாகவே வாக்களிக்கும். ஏழைக்கு விலக்குண்டு என்று உறுதி கூறும். விலக்குக் கேட்டு நிற்பவன் உரிமையாளன் அல்லன் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. பேராலய வாயிலில் 5 யூரோவும் பல்கலைக்கழக வாயிலில் கட்டணமும் ஒரே தத்துவத்தின் இரு கிளைகளாகும்.

ஆனால், திறந்த வாயில் கடமையற்ற வாயிலன்று. வாயில் திறந்திருத்தல் வேண்டுமென்று கோருபவர், உள்ளே எதனைப் பார்ப்பது என்பதையும் கற்றல் வேண்டும். பட்டியலில் ஒரு கோடு இழுப்பதற்காக வருபவனே கட்டணக்காரனுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சி. ஜான் து ஷெல்லின் பெயர் பொறித்த கல்லைத் தேடுபவன், தலையிழந்த அரசர்களின் கதையை அறிந்தவன், ஓர்லி கிராமத்து அடிமைகளை நினைப்பவன் ஒருவன் அரைமணி நேரமே நின்றாலும் அவன் உல்லாசப் பயணி அல்லன், தன் வீட்டுக்குள் நுழைந்தவனாவான். வீட்டுக்குள் நுழைபவனிடம் எவரும் சீட்டுக் கேட்பதில்லை.